பாலிசி கேட்காத லிஸ்ட்... கிளைம் கேட்கும்!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எனப் பல பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ரேஷன் கார்டுக்கு ரூ.5,000 நிவாரணம் அறிவித்தது அரசு. நனைந்த ஃபிரிட்ஜுக்கே அது பத்தாது. மிச்சத்துக்கு இன்சூரன்ஸ்தான் வழி.

2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளம் இரண்டும் அடக்கம். கட்டடத்துக்கு பாலிசி எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே கவர் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். நகைக்குத் தனி கவர் வேண்டும்.

இந்தத் தானியங்கி கவருக்கு பொருட்களின் லிஸ்ட் தேவையில்லை. சிக்கலே அங்கேதான். "அதான் எல்லாம் கவர் ஆகுதே"ன்னு இருந்துவிடுகிறோம். ஆனால், தண்ணீர் வடிந்தபின் வரும் சர்வேயர் என்னென்ன போச்சு, எப்போ வாங்கினது, என்ன விலை என்று கேட்பார். அதை நாம்தான் காட்ட வேண்டும். பாலிசியை விற்கும்போதே ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லித்தரணும் என்பது என் கருத்து.

அதுவரை நாமே செய்யலாம். பீரோ, கிச்சன் அலமாரி எல்லாவற்றையும் திறந்து, அறை அறையாக வீடியோ எடுங்கள். டிவி, ஏசி, இன்வெர்ட்டரின் மாடல், சீரியல் நம்பரை போட்டோ எடுங்கள். பில்லில் எழுத்து மங்குவதற்குள் அதையும் எடுத்துவிடுங்கள்.

போனில் மட்டும் வைக்காதீங்க, போனும் நனையும். கூகுள் டிரைவில் ஏற்றுங்கள், வெளியூர் சொந்தக்காரருக்கு ஒரு காப்பி அனுப்புங்கள். அக்டோபர் மழைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.