துருவை மூடி வைக்காதீங்க மக்கா

போன சனிக்கிழமை என் 1998 மாடல் பிக்கப்போட பின்தொட்டியில் கிடந்த பிளாஸ்டிக் லைனரைக் கழட்டினேன். பகீர்னு ஆச்சு. மிச்சிகன் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுற உப்பு, தண்ணியோட கலந்து லைனருக்கு அடியில் வருஷக்கணக்கா தேங்கியிருக்கு. லைனர் ஆடி ஆடி உரசினதில் பெயிண்ட்டும் போச்சு. வெளியே பளபளன்னு இருந்த வண்டி அய்யா இது!

ஒரு கடையில் கேட்டேன். "மேலயே ஸ்ப்ரே அடிச்சிடலாம், ஒண்ணும் தெரியாது"ன்னார். தெரியாது என்பதுதானே பிரச்சனையே? பக் இருக்கிற புரோகிராமுக்குப் புது ஸ்க்ரீன் மாட்டிக் கொடுக்கிற கதை (நாம செய்யாததா, ஹி ஹி).

என் கட்சி இதுதான்: முக்கால்வாசி வேலை பெயிண்ட் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, வெறும் தகடு தெரியிற வரை தேய்ச்சு, அசிட்டோனில் துடைச்சு, எபாக்சி பிரைமர் அடிச்சு, அப்புறம்தான் ரோலரால் பாலியூரித்தேன் பூச்சு, ரெண்டு கோட். தண்ணி வடியிற ஓட்டைகளை மட்டும் அடைச்சிடாதீங்க. மாஸ்க் கட்டாயம்.

சக்கரத்துக்கு மேல ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினா உள்ளே போகுது. அங்கே தகடு வெட்டி வெல்டிங் வைக்கணும். "வித்துத் தொலைங்க"ங்கிறாங்க தங்கமணி. பூசி மறைச்சு இன்னொருத்தன் தலையில் கட்ட எனக்கு மனசு வரலை. வர்ற சனிக்கிழமை வெல்டர் வர்றார்.