உள்ளே மறைந்த ஈரம்



இடையஞ்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் காண்பர். அங்கே பாடுபடும் மக்கள், மழைக்காலம் நெருங்கியதும் உப்புக் குவியல்களை மூடிக் காப்பர். ஈரக்காற்று பட்டால் உப்பு கசிந்து கெடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. நம் அடுக்களை உப்புச் சாடியும் அடைமழையில் அதையே சொல்லும்.

இந்த எளிய உண்மையைப் பெரியதொரு தொழில் நிறுவனம் அலட்சியம் செய்தது. அதனால் பல குடும்பங்கள் கண்ணீரில் மூழ்கின.

கார் மோதும்போது, ஏர் பேக் எனப்படும் காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விரிந்து, முகமும் மார்பும் அடிபடாமல் காக்கிறது. ஓர் உலோகக் குப்பிக்குள் இருக்கும் இரசாயன வில்லைகள் எரிந்து எழுப்பும் வாயுவே பையை நிரப்புகிறது. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் இவ்வில்லைகளுக்கு அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் மருந்து சேர்க்கப்படாத குப்பிகளில், வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் தாக்கியதால் வில்லைகள் சிதைந்தன. சிதைந்த வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது குப்பியே வெடித்து, இரும்புத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்திலும் கழுத்திலும் பாயும்.

2014 ஜூலையில் மலேசியாவின் சிபு நகரில் நடந்ததும் இதுவே. கார் ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர், விபத்தில் வெடித்த காற்றுப்பையின் உலோகத் துண்டு கழுத்தில் பாய்ந்து இறந்தார். அவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட பெண் குழந்தையும் சில நாட்களில் மறைந்தது. அமெரிக்காவில் மட்டும் 28 பேர் இறந்ததையும், 400க்கு மேற்பட்டோர் காயமுற்றதையும் அந்நாட்டு அரசு உறுதி செய்துள்ளது.

குறை நேர்வது மனித இயல்பு. ஆனால் தகாட்டா, சோதனை முடிவுகளைத் திருத்திக் கார் நிறுவனங்களிடம் கொடுத்தது. 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அவ்வாண்டே திவாலானது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். தானியம் நனைந்ததைப் பெருமானார் குற்றமாகச் சொல்லவில்லை. நனைந்ததை உள்ளே மறைத்ததையே கண்டித்தார்கள்.

இச்செய்தி நம் வீட்டு வாசலுக்கும் உரியது. 2017 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம், 2012இல் தயாரான 41,580 கார்களை இந்தியாவில் திரும்ப அழைத்துக் காற்றுப்பைக் குப்பிகளை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. ஆனால் பழைய கார் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது, அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரியோடு நின்றுவிடக்கூடும். வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் மிகுந்த நம் கரையோர ஊர்களில் இதை அசட்டை செய்யலாகாது.

எனவே பழைய கார் வாங்குவோர், பதிவுச் சான்றிதழிலுள்ள சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை நிலையத்தில் காட்டி, திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா, குப்பி மாற்றப்பட்டதா என்று விசாரித்துக்கொள்க. அஞ்சிக் காற்றுப்பையையே கழற்றி எறிவது அறிவுடைமையன்று. பழுதற்ற பை உயிர் காக்கும். தெருவோரப் பட்டறையில் அதைப் பிரிக்கவும் வேண்டாம்.

விற்பவருக்கும் ஒரு சொல். தெரிந்த குறையை வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை சில ஆயிரம் குறையலாம். ஆனால் குறையை மறைத்துப் பெற்ற பணத்தில் பரக்கத் இராது. வாங்குபவர் அந்த வண்டியில் தம் மனைவி மக்களை ஏற்றிச் செல்லப்போகிறார். அவர்களின் உயிர் நம் நாவில் அமானிதமாக இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் வணிகங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.