ஆலயத்தில் அமர ஓர் இருக்கை



விடியற்காலைத் திருப்பலிக்கு முதல் மணி அடிக்குமுன்பே வந்து, ஆலயக் கதவருகே செபமாலையோடு காத்திருக்கும் மூதாட்டி ஒருவர் நமது பங்கில் உண்டு. கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்து, தலைச்சுமையாக மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சில ஆண்டுகளுக்கு முன் தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவரைக் காணவில்லை. நோயாக இருக்குமோ என்றெண்ணி அவர் இல்லம் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தவர், நம்மைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. தூணைப் பற்றிக்கொண்டே பேசினார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல, சாமி. முழங்கால்தான் மடங்க மாட்டேங்குது. கோயில்ல தரையில உட்கார்ந்தா, பிறகு நாலு பேரு தூக்கிவிடணும். பூசை நேரத்துல அது எதுக்குன்னுதான் வரல."

"முன்னால் நாற்காலிகள் போட்டிருக்கிறோமே, அம்மா?" என்றோம்.

"அது பெரியவங்களுக்கு, சாமி" என்றார்.

குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஊரறிந்த ஒரு வழக்கத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நமது ஆலயத்தில் மக்கள் பாய் விரித்துத் தரையில் அமர்வதே வழக்கம். பீடத்தின் அருகே பத்து நாற்காலிகள் மட்டும் இருந்தன. பங்குப் பேரவையினர், நன்கொடையாளர், வெளியூர் விருந்தினர் ஆகியோர் அவற்றில் அமர்வர். அவர்களுள் பெரும்பாலோர் நல்ல உடல்நலம் உடையவர்கள். அவர்களும் நாற்காலி கேட்டவர்களல்லர். மரியாதையின் பொருட்டு அவற்றைப் போடச் செய்தவர்கள் நாமே. பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கை தந்து, ஏழையை நிற்கவோ கால்மணை அருகே தரையில் அமரவோ சொல்லும் சபையைப் புனித யாகப்பர் தமது திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அப்பகுதியைப் பலமுறை மறையுரையில் விளக்கிய நமக்கு, நமது ஆலயத்தின் முன்வரிசை மட்டும் கண்ணில் படாமற்போனது.

கடையில் கற்ற பாடம்

முதியோர், நோயாளிகள், கருவுற்ற தாய்மார் ஆகியோருக்கு இருக்கை வேண்டும் என முடிவு செய்தோம். நீண்ட பெஞ்சுகள் இட்டால் தரையில் அமர்வோரின் இடம் குறுகும். மறைக்கல்வி வகுப்புக்கும் அந்த ஆலயமே கூடம். மேலும் நமது பங்கைச் சேர்ந்த மூன்று கிளைக் கிராமங்களுக்கும் அதே இருக்கைகள் வண்டியில் போய்வர வேண்டும். எனவே மடக்கு நாற்காலியே தகும் என்று, நகரத்துக் கடையொன்றில் முப்பது இரும்பு மடக்கு நாற்காலிகளை வாங்கிவந்தோம். விலை மலிவு. உட்கார்ந்து பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கியது நமது பிழை.

ஓராண்டுக்குள் மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. திருவிழாத் திருப்பலியில் முதியவர் ஒருவர் இருக்கையின் முன் விளிம்பில் கையூன்றி எழ முற்பட்டபோது, நாற்காலி முன்புறமாகக் கவிழ்ந்தது. மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தார். மற்றொரு நாள், நாற்காலியை மடக்கிய சிறுவனின் விரல் இரு கம்பிகளுக்கிடையே நசுங்கியது. மூன்றாவது, எழுந்தேற்ற வேளையில் மக்கள் முழந்தாளிடும்போது, முப்பது நாற்காலிகளும் தரையில் உரசி எழுப்பிய இரைச்சல். கடற்கரை உப்புக்காற்றில் துருவும் ஏறி, பெண்களின் சேலையில் கறை படிந்தது.

இந்நிலையில் நமது ஊர்த் தச்சர் நம்மிடம் வந்தார். முன்னாளில் வள்ளம் கட்டியவர். "சாமி, இது கல்யாண மண்டபத்துக்குச் செய்த நாற்காலி. கோயிலுக்கு வேற செய்யணும்" என்றார். ஆலயத்து நாற்காலியின் வேலை என்ன என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

திருமண மண்டபத்தில் ஒருவர் ஒருமுறை அமர்ந்து, உணவுக்கு ஒருமுறை எழுகிறார். ஞாயிறு திருப்பலியிலோ வாசகங்களுக்கு அமர்ந்து நற்செய்திக்கு எழுகிறோம்; மறையுரைக்கு அமர்ந்து விசுவாச அறிக்கைக்கு எழுகிறோம்; காணிக்கைக்கு அமர்ந்து மீண்டும் எழுகிறோம்; திருவிருந்துக்குப் பின் அமர்ந்து இறுதிச் செபத்துக்கு எழுகிறோம். நான்கு முறை அமர்தல், நான்கு முறை எழுதல். இடையே முழந்தாளிடுதல் வேறு. அப்போது பின்வரிசையில் இருப்பவர் தம் எடையைத் தமக்கு முன்னுள்ள நாற்காலியின் முதுகின்மேல் சாய்க்கிறார். அந்த நாற்காலியிலோ அவ்வேளையில் எவரும் அமர்ந்திருப்பதில்லை. வெறும் நாற்காலி எளிதில் பின்னோக்கிச் சாயும். சில வேளை மடங்கியும் விடும்.

அளவுகோலும் முழங்காலும்

பழைய பங்கு இல்லத்தின் ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குச் சட்டங்கள் இருந்தன. பல ஆண்டுகள் காய்ந்த மரமாதலால் முறுக்கிக்கொள்ளாது. அவற்றைக் கொண்டு தச்சர் முதலில் மூன்று மாதிரிகளைச் செய்தார்: இருக்கையின் உயரம் ஒன்றில் 15 அங்குலம், ஒன்றில் 17, ஒன்றில் 19. முதியோர் பன்னிருவரை அழைத்து ஒவ்வொன்றிலும் அமர்ந்து எழச் செய்தோம். பதினைந்தில் அமர்ந்தவர்கள் எழத் திணறினர். பத்தொன்பதில் அமர்ந்த குள்ளமான பெண்களின் பாதம் தரையில் படியவில்லை. பதினேழு அனைவருக்கும் ஒத்துவந்தது. இருக்கையின் ஆழம் 16 அங்குலத்துக்கு மிகுந்தால் முதுகு சாய்மானத்தை எட்டுவதில்லை என்பதையும் கண்டோம். பின்புறத்தை அரை அங்குலம் தாழ்த்தினால் போதும். அதற்குமேல் தாழ்ந்தால், அமர இதமாக இருப்பினும் எழுவது கடினமாகிறது.

மடக்கும் முறை எளியது. நூலை விரித்து வைத்து ஓதும் சிக்குப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்; குறுக்காகக் கோத்த இரண்டு பலகைகளே அது. நாற்காலியும் அவ்வாறே. நீண்ட சட்டம் முன்காலிலிருந்து சரிந்து உயர்ந்து முதுகுச் சாய்மானமாகிறது. குட்டைச் சட்டம் பின்காலிலிருந்து உயர்ந்து இருக்கையின் முன்புறத்தைத் தாங்குகிறது. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஒரு போல்ட்டு. அமர்பவரின் எடையே கால்களை விரித்து நிறுத்துகிறது. ஆனால் அந்த எடை முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே இறங்க வேண்டும். கடையில் வாங்கிய நாற்காலியில் இருக்கையின் விளிம்பு முன்காலைத் தாண்டி நீண்டிருந்தது. முதியவர் விழுந்த காரணம் அதுவே. எனவே முன்காலின் அடி, இருக்கை விளிம்புக்கு நேர்கீழே அல்லது அதற்கும் சற்று முன்னால் இருக்கச் செய்தோம். அதுபோல் முதுகுச் சட்டத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது பின்காலுக்கு உட்புறமே விழ வேண்டும். அப்போது பின்னிருப்பவர் சாய்ந்தாலும் நாற்காலி மல்லாக்கக் கவிழாது. தானாக மடங்காதிருக்க ஒரு சிறு கொக்கியையும் பொருத்தினார்.

விரல் நசுங்காமைக்குத் தச்சர் ஒரு விதி வைத்துக்கொண்டார். அசையும் இரண்டு கட்டைகளுக்கு இடையே குழந்தையின் சுண்டுவிரலும் நுழையாத இடைவெளி இருக்க வேண்டும். இல்லையேல் பெரியவர் விரலும் தாராளமாகப் போய்வரும்படி ஓர் அங்குலம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுப்பட்ட இடைவெளியே ஆபத்தானது. கால்களின் அடியில் ரப்பர் உறையும், மூட்டுகளில் நைலான் வாஷரும் இட்டதால் ஓசை அடங்கிற்று. வள்ளத்துக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளையே பூட்டினார். வியர்வை தங்காதபடி இருக்கையைச் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு அமைத்து, தொடையின் அடிப்புறத்தை அழுத்தும் முன் விளிம்பை உருட்டி இழைத்தார்.

இத்தனைக்கும் பிறகு 25 கிலோ அரிசிப் பைகள் நான்கை முன் விளிம்பை ஒட்டி அடுக்கிப் பார்த்தோம். நமது உபதேசியார் வெறும் நாற்காலியின் பின்னால் முழந்தாளிட்டு, முழுப் பலத்தோடு சாய்ந்து பார்த்தார். நாற்காலி நின்றது. நாற்பது செய்தோம்; எழுவதற்குக் கைத்தாங்கல் தேவைப்படுவோருக்கென அவற்றுள் பத்துக்குக் கைப்பிடி வைத்தோம். பீடச் சிறுவன் ஒருவன் கைக்கொன்றாக இரண்டைத் தூக்கிச் செல்கிறான். மடித்தால் கனம் மூன்று அங்குலம். நாற்பதையும் நிறுத்திவைக்கப் பத்தடிச் சுவர் போதும். வரிசைக்கு வரிசை மூன்று அடிக்குக் குறையாமல் விடுகிறோம்; குறைந்தால் முழந்தாளிட முடியாது. சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டு, அவரையும் குடும்பத்தாரோடு அதே வரிசையில் அமரச் செய்கிறோம்.

ஆயர்கள் அமர்ந்த இருக்கை

மடக்கு நாற்காலி மதிப்புக் குறைந்த பொருள் என எண்ணுவோர் உண்டு. 1922-இல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையில் மடக்கு மணைகள் இருந்தன. உரோமைப் பேரரசின் உயர் அதிகாரிகளுக்குரிய ஆசனமும் குறுக்குக்கால் மடக்கு ஆசனமே. திருச்சபையிலும், ஆயர் தமக்குரிய ஆயரிருக்கையில் அமராத வேளைகளில் பயன்படுத்துவதற்கென 'ஃபால்திஸ்தோரியும்' என்னும் இருக்கை உண்டு. பெயரே மடக்கு இருக்கை எனப் பொருள்படும்.

மக்களுக்கோ பல நூற்றாண்டுகளாக ஆலயத்தில் இருக்கையே இல்லை, நின்றே வழிபட்டனர். மேலைநாட்டு ஆலயங்களில் பெஞ்சுகள் பரவியது இடைக்காலத்தின் இறுதியிலிருந்துதான். இருக்கை வந்ததும் வேற்றுமையும் கூடவே வந்தது. பிரான்சு நாட்டு ஆலயங்களில் நாற்காலிக்கு வாடகை வசூலித்த காலம் உண்டு. நமது தமிழ் மண்ணிலோ சாதியின் பெயரால் ஆலயத்தினுள்ளேயே இடம் பிரித்துத் தடுப்பு எழுப்பிய வரலாறு உண்டு. அதை நினைக்கையில் தலைகுனிய வேண்டியவர்கள் நாம்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, 32-ஆம் எண்ணில், திருவழிபாட்டுப் பணி, திருப்பட்டம் ஆகியவற்றால் எழும் வேறுபாடும், சட்டப்படி அரசு அதிகாரிகளுக்குரிய மரியாதையும் நீங்கலாக, தனியாருக்கோ எந்த வகுப்பினருக்கோ வழிபாட்டில் தனிச் சிறப்புத் தரலாகாது என்கிறது. திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் 311-ஆம் எண்ணில் தனியாருக்கு இருக்கைகளை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைக் கண்டிக்கிறது. மக்கள் கண்ணாலும் மனத்தாலும் வழிபாட்டில் பங்குகொள்ளும்படி அவர்களின் இடம் அமைய வேண்டும் என்கிறது. 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட பாரிசு நகர் நோத்ர்தாம் பேராலயத்திலும், மக்களுக்கென ஓக் மரத்தாலான 1,500 நாற்காலிகளையே புதிதாகச் செய்து இட்டனர். அவை மடங்குவன அல்ல; ஆயினும் தூக்கி இடம் மாற்றத்தக்கவை, எல்லாம் ஒரே வடிவம்.

யார் பெயரில்?

நமது நாற்காலிகள் பாதி முடிந்திருந்தபோது, ஊரின் செல்வர் ஒருவர் எஞ்சிய செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னார். நாற்காலியின் முதுகில் தம் தந்தையார் பெயரை எழுத வேண்டும் என்றும், முதல் வரிசை தம் குடும்பத்துக்கு இருக்க வேண்டும் என்றும் கேட்டார். தந்தைமேல் அவர் கொண்ட பற்று மெய்யானது. அதை நாம் ஏளனம் செய்யவில்லை. அவரிடம் அந்த மூதாட்டியின் கதையைச் சொன்னோம். மறைந்த தந்தையாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம், நாற்காலியில் பெயர் வேண்டாம் என்றோம். அவர் வருத்தத்தோடு எழுந்து போனார். கை கூலிக்கே திண்டாடி, எஞ்சிய இருபது நாற்காலிகளுக்கு ஏழு மாதம் ஆயிற்று. மக்கள் ஞாயிறுதோறும் பிடியரிசி தந்து உதவினர். செல்வரும் இறுதியில் வந்து, பெயர் குறிப்பிடாமல் ஒரு தொகையைப் பெட்டியில் இட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

பீடத்தருகே இருந்த பத்து நாற்காலிகளை எடுத்துவிட்டோம். புதியவற்றை இருபக்கச் சுவரோரமாக, தரையில் அமர்வோருக்கு மறைக்காதவாறு இட்டோம். பேரவையினர் சிலர் ஓரிரு வாரம் முகம் சுளித்தனர். பிறகு பாயில் அமர்ந்தனர்.

முதல் ஞாயிறன்று மூதாட்டியை அவர் பேத்தி அழைத்துவந்தாள். நாற்காலியருகே நின்று, அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரு பேருல குடுத்தது, சாமி?"

"யார் பெயரும் இல்லை, அம்மா."

"அப்படின்னா உட்காரலாம்" என்று அமர்ந்தார்.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் நாற்காலிகள் வாங்கும் நாள் வரலாம். விலையைக் கேட்குமுன், முழங்கால் நோகும் ஒரு முதியவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் நான்கு முறை அமர்ந்து எழட்டும். அதற்கும் முன்பாக, வரும் ஞாயிறன்று உங்கள் ஆலயத்தைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராதவர் யார்? அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று காரணம் கேளுங்கள். நாம் நான்கு ஞாயிறு தாமதித்தோம். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.