பனிமலைக் காவலன்

சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலைமேல், 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. வழிப்போக்கரைக் காக்கப் பதினோராம் நூற்றாண்டில் புனித பெர்நார்து அங்கே ஒரு விடுதி நிறுவினார். அவ்விடுதித் துறவியர் 17ஆம் நூற்றாண்டில் காவலுக்கென வளர்க்கத் தொடங்கிய பெருநாய்களே அப்புனிதரின் பெயரைத் தாங்கியவை. பனியில் புதையுண்டோரை அவை மோப்பத்தால் கண்டறிந்தன. 1814இல் இறந்த 'பாரி' என்னும் நாய், நாற்பது பேரைக் காத்ததாகச் சொல்வர். அவற்றின் கழுத்தில் மதுக்குடுவை தொங்கியதென்பதோ ஓவியர் கற்பனையே.

இவ்வின நாய் சாந்தமும் பொறுமையும் மிக்கது. குழந்தைகளிடம் பரிவு காட்டும். ஆயினும் எடை எண்பது கிலோவை எட்டும். வெப்பம் தாங்காது. குட்டிப் பருவத்தில் மிகையான ஓட்டம் மூட்டுகளைக் கெடுக்கும். உணவைச் சிறுசிறு வேளைகளாகப் பகிர்ந்தளித்தல் வேண்டும். ஆயுளோ எட்டு முதல் பத்து ஆண்டுகளே.

துறவியர் தொகை குறைந்து, பேணுதல் அரிதானபோது, நூற்றாண்டுகளாய்த் தாம் வளர்த்த அந்நாய்களை 2005இல் ஓர் அறநிறுவனத்திடம் அவர்கள் ஒப்படைத்தனர். தம் பெருமையினும் அவ்வுயிர்களின் நலனே அவர்களுக்குப் பெரிதாயிற்று. வீட்டுக்கு அழகென்று நாய்க்குட்டி வாங்க விரும்பும் நாமும், "இதனை இறுதிவரை பேண நம்மால் இயலுமா?" என்று முதலில் கேட்போமாக. உயிர்கள் இறைவனுடையவை, நாம் அவற்றின் கண்காணிப்பாளரே.