கோல் போட்டது யாரு?



மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபாக் கச்சேரிகளுக்கு எழுத்துக் கணக்கு வைக்க ஆள் உண்டு. எந்த ராகத்தை விஸ்தாரமாக எடுத்தார், வயலின் யார், மிருதங்கம் யார், மைக் எப்படி, கான்டீன் காபி எப்படி என்பதெல்லாம் அச்சில் ஏறிவிடும். எழுதுகிறவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்கும் நிருபர்கள் இல்லை. வக்கீல், ஆடிட்டர், ரிட்டயர்டு அதிகாரி. சுப்புடுவே மத்திய அரசு வேலையில் இருந்துகொண்டுதான் வித்வான்களை அலறவைத்தார். ஆபீஸ் முடிந்து போய், கேட்டு, ராத்திரியே எழுதிக் கொடுக்கிற ஆர்வம். அப்படிச் சேர்ந்த எழுத்து கிட்டத்தட்ட நூறு வருஷத்து ஆவணமாகி நிற்கிறது. அதற்குத்தான் 'பாரம்பரியம்' என்று பேர்.

அதே மார்கழி, அதே சென்னை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற பொட்டலில் பந்து உதைக்கிறானே, அவனுக்கு? பொட்டலை விடுங்கள், லீக் மேட்சாகவே இருக்கட்டும். மறுநாள் பேப்பரில் ஒரு வரி: இந்த அணி அந்த அணியை 2-1 என்று வென்றது. பல நாள் அந்த ஒரு வரியும் இல்லை. கோல் போட்டது யாரு? எத்தனாவது நிமிஷம்? பெனால்டியைப் பிடித்த கீப்பர் எந்தத் தெருப் பையன்? ஒண்ணும் கிடையாது.

கால்பந்து நம் சனங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. ரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், வங்கி என்று மாசச் சம்பளத்துக்குப் போன ஒற்றையடிப் பாதை அது. 1996-97ல் தேசிய லீக் தொடங்கியபோது முதல் வருஷமே இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. நான் வேலை பார்க்கும் வங்கியிலும் அப்படி வந்த ஒரு அண்ணன் இருந்தார். லெஃப்ட் பேக். இப்போது ரிட்டயர்டு. பதினைந்து வருஷம் ஆடியதற்கு அவரிடம் மிஞ்சியது பாலிதீன் கவரில் மூணு பேப்பர் துணுக்கு. ஒன்றில் பேரே தப்பு. மற்ற மேட்சையெல்லாம் வாயால்தான் சொல்கிறார், "நம்பு தம்பி" என்கிறார். நான் நம்புவேன். நாளைக்கு இந்த நகரத்தின் விளையாட்டு வரலாற்றை எழுத வருகிறவர் எதைப் பார்த்து நம்புவார்?

பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் தொழில் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். பூனாவில் கூட ஆடுகிற இந்துக்கள் உள்ளே டீ குடிக்க, இவருக்கு வெளியே தனி மண்குவளை. 1911ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். தம்பி விட்டல் 1923ல் இந்து அணிக்கே கேப்டன் ஆனார். அப்புறம் 'பொது' நினைவிலிருந்து அந்தக் குடும்பமே துடைத்தெறியப்பட்டது. 2002ல் ராமச்சந்திர குஹா புத்தகம் எழுதியபோது பாலு மறுபடி எழுந்து வந்தார். எங்கிருந்து? பழைய பத்திரிகைகளிலிருந்தும் ஸ்கோர்களிலிருந்தும். கிரிக்கெட் துரைமாரும் ராஜாக்களும் ஆடிய ஆட்டம். இங்கே பார்த்தாலும், 1888ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிய புச்சிபாபு நாயுடு மயிலாப்பூர் லஸ் பங்களாக்காரர். அப்பேர்ப்பட்டவர்கள் ஆட்டம் என்பதால் ஸ்கோர் எழுதி வைத்தார்கள். அந்தத் தாளில் பாலுவும் சேர்ந்து பிழைத்தார். சேரியும் குப்பமும் ஆடுகிற ஆட்டத்துக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1996ல் தில்லிப் பத்திரிகையாளர் பி.என்.உனியால் ஒரு தலித் நிருபரைத் தேடிப் புறப்பட்டார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலில் 454 பேர் பேரோடு உயர்சாதி வால். மீதி 232 பேரில் 47 பேரைக் கூப்பிட்டுக் கேட்டார், ஒருத்தரும் தலித் இல்லை. பழைய கதை என்பீர்கள். 2019ல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து எடுத்த கணக்கில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில். பட்டியல் சாதி, பழங்குடி சைபர். இந்த மேசைகளிலிருந்து ஆள் கிளம்பி நம்ம கிரவுண்டுக்கு வருவான் என்று காத்திருப்பது வீண். வந்தான் என்றால் ஒன்று கொலை, இல்லை தங்க மெடல். கண்ணகி நகருக்கு 2025ல் கேமராக்கள் வந்தது, கபடியில் கார்த்திகா பஹ்ரைன் போய்த் தங்கத்தோடு திரும்பிய பிறகுதான்.

இன்னொன்று. தெருவைப் பெயர்க்கிறபோது டீமும் பெயர்கிறது. அடையாற்றங்கரையிலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022ல் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரை இடித்தபோது ஒருவர் தீக்குளித்தே செத்தார். எத்தனை வீடு என்ற கணக்காவது கோர்ட்டுத் தாளில் இருக்கும். பதினோரு பேர் திசைக்கு ஒருவராய்ப் போனது எந்தத் தாளில் இருக்கிறது?

நிருபர் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு 2024 அக்டோபரைச் சொல்லலாம். மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் மைதானங்களைத் தனியாருக்கு விட்டு, ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் பின்வாங்கப்பட்டது. கட்டிட வேலைக்குப் போகிறவர் மகன் தினம் 120 ரூபாய்க்கு எங்கே போவான்? அந்தத் தடவை யாரோ எழுதினார்கள். அடுத்த தடவை?

ஆகவே நாமே எழுதுவோம் என்கிறோம். இது நமக்குப் புதுசு அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசர் 1907ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அவர்களுக்குச் செய்தி அனுப்பியவன் எந்தக் கல்லூரியில் இதழியல் படித்தான்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும், வரவேண்டும். சம்பளமில்லாமல் எழுது என்றால் அது வெட்டி வேலைதானே? ஊருக்குச் சாவுச் சேதி சொல்ல மைல் கணக்கில் நடந்தவன் நம்ம தாத்தன். பார்க்கப்போனால் இந்த மண்ணின் முதல் நிருபர் அவன்தான். கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது. 'தன்னார்வம்' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது அதனால்தான். மாசக்கணக்கில் சம்பளமில்லாப் பயிற்சி என்கிற வடிகட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது, வீட்டில் காசுள்ள பிள்ளை மட்டும் தாங்கி உள்ளே போகும்.

நாம் கேட்பது வேறு. ஒருத்தர் மாசம் ஒரு மேட்ச்சுக்குமேல் போக வேண்டாம். மைதானத்துக்கு ரெண்டு பேர். பஸ் காசும் டீக் காசும் பத்திரிகை தரும், வேறு தர நம்மிடம் இல்லை. எழுதினவர் பேர் கட்டாயம் அச்சாகும். நம் குறிப்பைப் பெரிய பேப்பர் கேட்டால் காசு வாங்கிக்கொண்டு கொடுப்போம், அந்தக் காசு எழுதினவருக்கு. உலகம் முழுக்க லீக் முடிவுகளைச் சேர்த்து வைக்கிற ஆர்.எஸ்.எஸ்.எஸ்.எஃப். என்கிற அமைப்பு 1994ல் மூணே மூணு பேர் தொடங்கியது. இன்றைக்கும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். (பேரின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.)

என்ன எழுதுவது? முதலில் ஆஃப்சைடு புரிந்துகொண்டு போங்கள். புரியாமல் ரெஃப்ரியைத் திட்டி எழுதினால் போடமாட்டோம். ரெண்டு டீமின் பேர்ப் பட்டியல், உள்ளே வந்த மாற்று ஆட்கள், கோல் நிமிஷம், கார்டு, ரெஃப்ரி பேர். தோற்ற டீமுக்கும் அதே அளவு இடம். பேரை அந்த ஆளையே கேட்டு எழுதுங்கள், கூட்டாளி கூப்பிடுகிற பட்டப்பேர் வேண்டாம். சாதி கேட்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் வீட்டு விலாசம் அச்சில் வரக்கூடாது. பூட்ஸ் யார் வாங்கிக் கொடுத்தது, கிரவுண்டில் தண்ணி இருக்கா, பெண்கள் உடை மாற்ற இடம் இருக்கா என்பதும் செய்திதான். எழுச்சி, புரட்சி, சூறாவளி எல்லாம் தலையங்கத்துக்கு இருக்கட்டும். மேட்ச் ரிப்போர்ட்டில் மேட்ச் இருக்க வேண்டும்.

பெண்கள் ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018ல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2019ல் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023ல் அமிர்தசரஸில் மறுபடி தேசியக் கோப்பை. கடலூர் இந்துமதி பேர் தெரியும். மற்ற பத்துப் பேரைக் கேட்டால் நம் தோழர்களே முழிக்கிறார்கள்.

அடுத்த இதழுக்கு அரைப் பக்கம் போதும். தாளில் எழுதலாம், போனில் பேசிப் பதிந்தும் அனுப்பலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை, பேர்களை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.