வம்சாவளியும் வாரிசுரிமையும்: ஓர் அயர்லாந்துக் குடும்பம் கற்பிப்பது

கின்னஸ் என்னும் பெயரை அறியாத பள்ளிச் சிறுவர் நம் நாட்டில் அரியர். எவரேனும் ஓர் அருஞ்செயல் புரிந்தால், அது அப்பெயர் தாங்கிய சாதனைப் புத்தகத்தில் ஏறியதா என்றே முதலில் கேட்கிறோம். அப்புத்தகத்தை 1955ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்தது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் தோன்றிய ஒரு பீர் ஆலை என்பதும், அவ்வாலையை ஒரே குடும்பத்தார் 227 ஆண்டுகள் தலைமையேற்று நடத்தினர் என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவர்கள் விற்ற பண்டத்தைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஈட்டிய பொருள் ஏழு தலைமுறைகளில் எவ்வாறு கைமாறியது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது. ஏனெனில், வீடோ, கடையோ, வைப்புத்தொகையோ, எதுவாயினும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல வேண்டிய கடமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

இக்குடும்பத்தின் வரலாறு ஓர் உயிலில் தொடங்குகிறது. கில்டேர் மாவட்டத்துச் செல்பிரிட்ஜ் ஊரில் ரிச்சர்ட் கின்னஸ் என்பவர் பேராயர் ஆர்தர் பிரைஸ் என்பாரின் நிலபுலன்களை மேற்பார்க்கும் காரியஸ்தராக இருந்தார். 1752இல் மறைந்த பேராயர், தம் ஊழியரின் மகனான ஆர்தருக்கு 100 பவுண்டு எழுதி வைத்திருந்தார். ஆர்தர் 1755இல் லீக்ஸ்லிப் என்னும் சிற்றூரில் தொழில் தொடங்கினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் டப்ளினுக்கு வந்து, புனித ஜேம்ஸ் வாயில் என்னுமிடத்தில் பாழடைந்து கிடந்த நான்கு ஏக்கர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1759 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான அப்பத்திரத்தின்படி ஆண்டு வாடகை 45 பவுண்டு; குத்தகைக் காலம் 9,000 ஆண்டுகள்! நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வெண்ணில் ஒரு தொழிலதிபரின் மனநிலை துலங்குகிறது. தம் வாழ்நாளுக்கு அப்பாலும் தொழில் நிலைக்க வேண்டும் என அவர் கருதினார். கருதியதை எழுத்தில் பதிந்தார்.

பொருள் சேர்ந்ததும் குலப்பெருமை தேடுவது உலக இயல்பு. கின்னஸ் குடும்பமும் அதற்கு விலக்கன்று. 1761இல் ஒலிவியா விட்மோரை மணந்த ஆர்தர், அல்ஸ்டர் பகுதியின் பழம்பெருங்குடியான மகெனிஸ் குலத்தாரின் சின்னத்தைத் தமதாக்கிக் கொண்டார். பின்னாளில் அவர் கொள்ளுப்பேரன் பிரபுப் பட்டம் பெற்றபோதும், அக்குலத்தார் ஆண்ட ஐவா என்னும் நிலப்பெயரையே சூடிக்கொண்டார். ஆயினும், அண்மைக் காலத்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் நடந்த மரபணு ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. இக்குடும்பத்தின் வேர் மகெனிஸ் குலத்தில் இல்லை. அதே டவுன் மாவட்டத்து மக்கார்டன் குலத்தில் இருக்கக்கூடும் என்பதே அது. நம் எண்ணத்தில் இதனால் எவ்விழுக்கும் இல்லை. ஆண்ட பரம்பரை என்னும் கதை அக்குடும்பத்துக்கு ஒரு பவுண்டையும் ஈட்டித் தரவில்லை. பிறர் சொத்தை நாணயமாகக் கணக்குப் பார்த்த ஒரு காரியஸ்தரே அவர்களின் மெய்யான முதல் மூலதனம்.

இனி, வம்சாவளியில் நாம் கருதத்தக்க செய்திக்கு வருவோம். ஆர்தரும் ஒலிவியாவும் இருபத்தொரு மக்களைப் பெற்றனர். பதின்மரே பெரியவர்களாய் வளர்ந்தனர். மூத்த மகன் ஹோசியா சமயப் பணியை விரும்பிப் பாதிரியாரானார். எனவே 1803இல் தந்தை மறைந்ததும் ஆலையின் தலைமை இரண்டாம் மகனான இளைய ஆர்தரிடம் சென்றது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பெஞ்சமின் லீ, அவருடைய மூன்றாம் மகன். பெஞ்சமின் லீயின் பிள்ளைகளுள் ஆலையை இறுதியில் தனியுரிமையாக்கி உலகறியச் செய்தவர், மூன்றாம் மகனும் கடைக்குட்டியுமான எட்வர்டு செசில். ஆக, முதல் மூன்று கைமாற்றங்களிலும் மூத்தவருக்குத் தலைமை நிலைக்கவில்லை. மூத்த மகனுக்கே முதலுரிமை என்னும் வழக்கம் வேரூன்றியிருந்த சமூகத்தில் இது நிகழ்ந்தது. தொழிலில் நாட்டமில்லாதவர் வேறு வழியில் சென்றார், நாட்டமுள்ளவர் ஏற்றார். குடும்பம் சிதையவில்லை, ஆலையும் சிதையவில்லை.

இக்குடும்பத்தாருக்கும் வங்கித்தொழிலுக்கும் இருந்த உறவு நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கும். இளைய ஆர்தர் 1820 முதல் 1822 வரை அயர்லாந்து வங்கியின் ஆளுநராக விளங்கினார். முதல் ஆர்தரின் தம்பி சாமுவேல் தங்கத்தகடு அடிக்கும் தொழிலினர். அவர் வழிவந்த ராபர்ட் ரண்டல் கின்னஸ் 1836இல் ஜான் ராஸ் மகோன் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து நிறுவிய கின்னஸ் மகோன், நாளடைவில் வங்கியாக வளர்ந்தது. ஒரு மரத்தின் கிளைகள் யாவும் ஒரே கனியைத் தரவேண்டும் என அவர்கள் வற்புறுத்தவில்லை.

சொத்துப் பிரிவினையிலும் ஒரு பாடம் உண்டு. 1868இல் மறைந்த பெஞ்சமின் லீ, ஆலையைத் தம் மக்களுள் ஆர்தர் எட்வர்டு, எட்வர்டு செசில் ஆகிய இருவருக்கும் கூட்டாக விட்டுச் சென்றார். அப்போது இளையவருக்கு வயது இருபது. மூத்தவருக்கு அரசியலிலும் பொதுப்பணியிலும் ஈடுபாடு மிகுந்திருந்தது. 1876இல் இளையவர் அண்ணனின் பங்கை விலைகொடுத்து வாங்க, கூட்டு முடிவுற்றது. விலகிய அண்ணன், டப்ளின் நடுவே அமைந்த புனித ஸ்டீபன் பசுந்திடலைச் சீரமைத்து 1880இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தம்பியோ 1886இல் ஆலையைப் பொதுப்பங்கு நிறுவனமாக மாற்றி, 60 இலட்சம் பவுண்டு மதிப்பில் இலண்டன் பங்குச் சந்தைக்குக் கொண்டு சென்றார். 1890இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென அறக்கட்டளை நிறுவினார். விலை பேசி, எழுதி, பிரிந்த பிரிவு இது. பேசாமலும் எழுதாமலும் ஒரு கூரையின்கீழ் மனம் புழுங்கி வாழும் ஒற்றுமையினும் இத்தகைய பிரிவே மேல் என்பது நம் துணிபு.

திறமையை வீட்டுக்கு வெளியிலும் அவர்கள் தேடினர். 1899இல் ஆலையில் சேர்ந்த வில்லியம் சீலி காசெட் என்னும் இளைஞர், சிறிய மாதிரிகளைக் கொண்டு நம்பத்தகுந்த முடிவு காணும் முறையை வகுத்து, 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார். புள்ளியியல் பயின்றோர் யாவரும் அதனை அறிவர். எனினும் முழு உண்மையையும் கூறுதல் நன்று. அயர்லாந்து மக்களுள் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்; ஆலையின் உயர்பதவிகளோ நெடுங்காலம் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு சமயத்தினருக்கே கிடைத்தன. பிள்ளைகளின் விருப்பத்துக்கு இடம் தந்த குடும்பம், ஊராரின் தகுதிக்கு முழுவதும் இடம் தந்தது எனக் கூறுதல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் கைமாற்றத்தின் போக்கு மாறியது. 1927இல் எட்வர்டு செசில் மறைந்தபின், மூத்த மகன் ரூபர்ட் தலைவரானார். முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அவருக்குப் பின் வரவேண்டிய மகன், 1945இல் இரண்டாம் உலகப் போரில் உயிர் நீத்தார். அப்போது ஏழு வயதே நிரம்பியிருந்த பேரன் பெஞ்சமின், 1962இல் தம் இருபத்தைந்தாம் வயதில் தலைமையேற்றார். மகனை இழந்த முதியவர் பேரனிடம் பொறுப்பை ஒப்படைத்ததில் உள்ள துயரை நாம் உணர்கிறோம். ஆயினும், வம்சாவளி அடுத்தவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். அவர் ஆயத்தமா, அவருக்கு அதில் விருப்பமா என்பதைச் சொல்லாது. 1986இல் அந்நிறுவனம் டிஸ்டில்லர்ஸ் என்னும் மற்றொரு நிறுவனத்தை வாங்க முயன்றபோது, தன் பங்குகளின் விலையைச் செயற்கையாக உயர்த்திய மோசடி வெளிப்பட்டது. 1990இல் அன்றைய தலைமை நிர்வாகி தண்டிக்கப்பட்டார். அவர் குடும்பத்தினர் அல்லர். குடும்பத் தலைவர் மீது குற்றமும் சாட்டப்படவில்லை. எனினும் 1986ஆம் ஆண்டோடு கின்னஸ் குடும்பத்தின் தலைமை முடிவுற்றது. 1997இல் நிறுவனமே டியாஜியோ என்னும் பெருநிறுவனத்தில் கலந்தது.

இதைக்கொண்டு, மூத்தவருக்குத் தருவது தவறு என்றோ, அயலாரை நம்புவது தவறு என்றோ நாம் கூறவில்லை. ரூபர்ட் மூத்தவரே, காசெட் அயலாரே. உடைமையை மரபுரிமையாகத் தரலாம். ஆளும் திறனை அவ்வாறு தர இயலாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழை. தந்தையின் கடையைப் பிள்ளைகள் அனைவரும் சமமாக அடையலாம். கல்லாவில் அமர்பவர் யார் என்பது தனியே ஆராயப்பட வேண்டிய வினா.

வேறொரு வருத்தமும் நமக்குண்டு. மேலே கூறிய பெயர்களை மீண்டும் பாருங்கள். ஏழு தலைமுறைகளில் ஆலையின் தலைமை ஆண்களிடமே இருந்தது. இருபத்தொரு முறை கருவுற்ற ஒலிவியாவின் பெயர் திருமண ஆண்டோடு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நம் வீடுகளிலும் தாத்தாவின் தாத்தா பெயரை நினைவுகூர்வோர் உளர். பாட்டியின் பாட்டி பெயரைக் கூறவல்லார் எத்தனை பேர்? 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை அளித்துள்ளது. நம் வம்சாவளிகள் இன்னும் அச்சட்டத்தை எட்டவில்லை.

அயர்லாந்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு உயில்களும், 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கு ஏடுகளுள் பெரும்பகுதியும் சாம்பலாயின. சொந்தமாக ஆவணங்களைப் பேணிய செல்வர் தம் முன்னோரை இன்றும் அறிவர். அவ்வாலையில் பீப்பாய் உருட்டியோரின் வழித்தோன்றல்களுள் பலர், எரிந்த ஏட்டோடு தம் வேரையும் இழந்தனர். பத்திரம் உள்ளவருக்கே பரம்பரை என்றாகிவிட்டது. அரசு காக்கும் எனவிருந்த ஏடும் அழியக்கூடும். நம் வீட்டில் ஒரு படி இருத்தல் வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. ஓய்வான ஒரு நாளில் குடும்பத்தாருடன் அமர்ந்து, மகளிர் பெயர்களையும் சேர்த்து வம்சாவளியை எழுதுங்கள். மறுபக்கத்தில் சொத்துகளையும், கணக்குகளையும், கடன்களையும் குறியுங்கள். ஒவ்வொரு வங்கிக் கணக்கிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா, அப்பெயர் இன்றும் பொருந்துகிறதா எனப் பாருங்கள். மறைந்துவிட்ட பெற்றோர் பெயரே நியமனதாரராக நீடிக்கும் கணக்குகள் பல. மேலும், நியமனதாரர் வங்கியிடமிருந்து தொகையைப் பெற்றுக்கொள்ளும் தகுதியுடையவரே அன்றி, அதனாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடார். யாருக்கு எது என்பதை உயிலே தெளிவாக்கும். உயில் இல்லாவிடில் வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும்.

உயில் எழுதுவது அமங்கலம் எனத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே மிகுதி. பேராயர் ஒருவர் மறவாது எழுதி வைத்த ஒரு வரியே ஒரு காரியஸ்தரின் மகனைத் தொழிலதிபராக்கியது. நம் பிள்ளைகளுக்காக நாம் எழுத வேண்டிய வரியை நாளைக்கென ஒத்திவைத்தல் தகாது.