சீட்டுக் காசும் கட்சிக் காசும்

ஆனைகட்டியில் தமிழ்நாடு-கேரள எல்லைச் சாவடிக்கு இந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். அந்தப் பக்கம் விற்றால் அரசாங்கமே கமிஷன் கொடுக்கும். 1967-லேயே லாட்டரிக்கென்று ஒரு துறையைத் தொடங்கிய மாநிலம் கேரளம். இங்கே 2003-ல் ஜெயலலிதா தடை போட்டார். அதனால் ஆசை அடங்கிவிடவில்லை. கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்தே 'மூணு நம்பர்' கள்ளத்தனமாக ஓடுகிறது. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்ததும் எல்லையோர வாளையாற்றில் விற்ற சீட்டுக்கு. அடித்தவர்கள் திருப்பூர்க்காரர்கள் நாலு பேர்.

விழாதவர்கள் காசு? கேரளச் சீட்டின் காசு அந்த அரசின் கஜானாவுக்கு. சிக்கிம், நாகாலாந்து மாதிரியான மாநிலங்களின் சீட்டை மொத்தமாக எடுத்து விற்றுப் பெரும் பணக்காரரானவர் கோவையின் சான்டியாகோ மார்ட்டின். அவருடைய ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரம் வாங்கியது, நாட்டிலேயே முதலிடம். அதில் திரிணமூலுக்கு 540 கோடிக்கு மேல், திமுகவுக்கு 500 கோடிக்கு மேல், பாஜகவுக்கு 100 கோடி. ஒரு நிறுவனம் தன் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை 2017-ல் எடுத்துவிட்டதால் இதெல்லாம் சட்டப்படியே நடந்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தையே ரத்து செய்த பிறகுதான் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்தது.

பத்திரமே வாங்காத மார்க்சிஸ்ட் கட்சி அந்த வழக்கில் மனுதாரர். பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் 2007-ல் அதன் 'தேசாபிமானி' நாளிதழ் இதே மார்ட்டினிடம் 2 கோடி வாங்கி, கேரளமே கொதித்ததும் திருப்பிக் கொடுத்தது. 2010-ல் காங்கிரஸ் மேலிடச் செய்தித் தொடர்பாளர் அபிஷேக் மனு சிங்வி கேரள உயர் நீதிமன்றத்தில் லாட்டரித் தரப்புக்காக வாதாட வந்து, சொந்தக் கட்சிக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். கலைஞர் வசனம் எழுதிய 'இளைஞன்' (2011) படத்துக்கும் தயாரிப்பாளர் மார்ட்டின்தான்!

இவ்வளவு கொடுத்து என்ன கிடைத்தது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் தடை இன்றும் அப்படியே இருக்கிறது. தாய்மார் ஓட்டுக்குப் பயந்து எந்த ஆட்சியும் அதில் கை வைக்கவில்லை. ஆகவே பணம் சட்டத்தை விலைக்கு வாங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நடந்தது வேறு. திமுக உண்டியல் குலுக்கியும் துண்டேந்தியும் வளர்ந்த கட்சி. கேரளத் தோழர்கள் இன்றும் பக்கெட் தூக்கி வசூலிக்கிறார்கள். பத்து ரூபாய் போட்டவன் மறுவாரம் டீக்கடையில் வட்டச் செயலாளரை நிறுத்தி, ரோடு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்பான். ஒரே ஆளிடமிருந்து 500 கோடி வந்துவிட்டால் அந்தப் பத்து ரூபாய் எதற்கு? காசு கேட்டு வராத கட்சி கருத்துக் கேட்டும் வராது.

மார்ட்டினின் மருமகன் ஆதவ் அர்ஜுனா 2024-ல் விசிகவின் துணைப் பொதுச்செயலாளர் ஆனார். 2025 ஜனவரியில் தவெகவுக்குப் போய் அங்கே தேர்தல் பிரசார மேலாண்மைப் பொதுச்செயலாளர் ஆனார். அரசியலுக்கு வர யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் இருபது வருஷமாகக் கிளையில் கொடி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் படி ஏற எத்தனை தேர்தல் ஆகும்?